வாடகை வாங்கின கை

லாட்ஜ் அறையில் தையல் மெஷின் ஓட்டக் கூடாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டதால், சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாவாடைகளுக்குக் கையாலேயே கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி துணிக்குள் இறங்கும் ஒவ்வொரு முறையும் அவள் மனதில் ஒரே முகம்தான் வந்து நின்றது. அது அவளுடைய ஓரகத்தியின் முகம்.

சமையலறைக் கூரை விழுந்த கதையை வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு மறுபடி சொல்லத் தேவையில்லை. இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வார்த்தை. சின்னவளும் அவள் கணவன் சின்னவனும் குடியிருந்தது சின்னவனுடைய அண்ணனின் வீட்டில். அண்ணன் வீடு என்பதால் சும்மா இல்லை, வாடகைக்குத்தான். அண்ணனை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவருக்கு ஒரு பெயிண்ட் கடை. அந்தக் கடை வேனை ஓட்டுவது சின்னவன். தம்பியின் சம்பளத்திலேயே வாடகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பது பெரியவரின் வழக்கம். மழையில் ஊறிப்போயிருந்த கூரை ஒரு நாள் காலையில் அடுப்பின் மேலேயே பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளையாக அடுப்படியில் யாரும் இல்லை. பெரியவர் ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். "ரிப்பேர் முடியற வரைக்கும் வெளிய தங்கிக்கங்க. செலவை நான் பாத்துக்கறேன். நமக்குள்ள என்ன?" என்றார்.

அந்த "நமக்குள்ள என்ன"வை நம்பித்தான் லாட்ஜுக்கு வந்தார்கள். மூன்று மாதம் ஓடிவிட்டது. பெரியவர் ஒரு தம்பிடி தரவில்லை. லாட்ஜ் மேனேஜரிடம் போய் நமக்குள்ள என்ன என்று சொல்ல முடியுமா?

போன வாரம் சின்னவள் வெட்கத்தை விட்டுப் பெரியவர் வீட்டுக்கே போய்ச் செலவைக் கேட்டாள். கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி பெரியவள், அதுதான் சின்னவளின் ஓரகத்தி, திறந்துவிட்டாள்.

"ஓசியில குடியிருக்கிறவளுக்கு ஓட்டல் செலவும் நாங்களே அழணுமா?"

விருந்தாளிகளில் ஒருத்தி சிரித்தாள்.

ஓசி. ஒரு சின்ன வார்த்தைதான். ஆனால் அன்றிலிருந்து சின்னவளின் தொண்டையில் அது மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டு நிற்கிறது. சாப்பிட்டால் குத்துகிறது, படுத்தால் குத்துகிறது. அவளுக்கு வீடு திரும்ப வேண்டும், அது உண்மை. ஆனால் வெறுமனே திரும்பினால் போதாது. அந்த வார்த்தையை அதே கூடத்தில், வேற்று மனுஷர் எதிரில், சொன்ன வாயே மென்று முழுங்க வேண்டும்.

"அம்மா, கொக்கியையும் வளையத்தையும் ஒரே பக்கத்துல தைக்கறியே. யார் இடுப்புல நிக்கும் இது?"

கேட்டவள் மகள். கல்லூரிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சின்னவள் குனிந்து பார்த்தாள். உண்மைதான். பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள்.

சின்னவன் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினான்.

"இன்னிக்காவது உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. கூரை எந்த மட்டுல இருக்கு, எப்ப வரலாம், இங்க தங்கின செலவை எப்ப தருவார். மூணு கேள்விதான்."

"கேக்கறேன்."

"நேத்தும் இதான் சொன்னீங்க."

"நேத்து லோடு அதிகம்."

"சாவி?"

அவன் செருப்புக்குள் காலை நுழைத்தபடியே, "வேன்ல எல்லாம் தேடிட்டேன். எங்க விழுந்துச்சோ" என்றான்.

ரிப்பேர் மேஸ்திரியிடம் கொடுத்தது போக இவர்களிடம் இரண்டு வீட்டுச் சாவி. இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பதால் சின்னவள் தன் சாவியில் சிவப்புத் துண்டுத் துணியைக் கட்டியிருந்தாள். அவன் சாவியில் அவனுடைய பழைய சட்டையிலிருந்தே வெட்டிய நீலக் கட்டம். தையல்காரி வீட்டில் எதற்கும் அடையாளம் துணிதான். அந்த நீலக் கட்டச் சாவியை அவன் தொலைத்துவிட்டான். அவளே போய் வேனின் இருக்கைகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினாள். பெயிண்ட் மூடிகளும் கடலைத் தோலும் கிடைத்தன, சாவி கிடைக்கவில்லை. பாவம், அலைச்சலில் எங்கேயோ விட்டுவிட்டார் என்று அவளே சமாதானமும் சொன்னாள்.

அவன் போனதும் சின்னவள் கொக்கி டப்பாவை மூடினாள். நேற்று வக்கீலம்மா ஒருத்தி கறுப்புக் கோட்டுக்கு உள்துணி மாற்ற வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னதை ராத்திரி முழுக்க அசை போட்டிருந்தாள்.

"வாடகை வாங்கறதை நிறுத்தினாரா வீட்டுச் சொந்தக்காரர்?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"இல்லம்மா. அது பாட்டுக்குச் சம்பளத்துல பிடிச்சிட்டே இருக்கார்."

"குடியிருக்க முடியாத வீட்டுக்கா? பலே ஆளு. இங்க பாரு, வாடகை வாங்கின கை, பொறுப்பையும் சேத்து வாங்கின கைதான். ரிப்பேருக்காக உன்னை வெளிய அனுப்பிட்டு வாடகையும் வாங்கறவர், நீ தங்கற இடத்துக்கு வழி பண்ணணும். அது அவர் இஷ்டம் இல்ல, அவர் பொறுப்பு. இன்னொண்ணு. அவர் வாடகை வாங்கற வரைக்கும் அது உன் வீடு. யாரும் உன்னைக் காலி பண்ணினதா சொல்ல முடியாது."

கோட்டுக்கு முன்பணம் வாங்க மறந்துவிட்டாள் சின்னவள். அத்தனை சந்தோஷம்.

* * *

பெரிய கத்தரிக்கோல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை எடுக்கிற சாக்கில் வேலை எந்த அளவில் இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினாள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மேஸ்திரி மட்டும் இருந்தார்.

முதலில் சமையலறைக்குப் போனாள். கூரை பூசி, காய்ந்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. அடித்து ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும், மூலையில் சிலந்தி குடி வந்திருந்தது. சிலந்தி வரலாம், நாம் வரக் கூடாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து முன்னறை. அதுதான் அவளுடைய தையல் அறை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தரையைக் கொத்திப் போட்டிருந்தார்கள். அறையின் நட்டநடுவில் ஒரு குழாய் முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. சுவரில் நீலப் பொடி தடவிய நூலால் தட்டிய நேர்க்கோடுகள். குறுக்கே ஒரு தடுப்பு வரப்போகிறது என்பது அவளுக்குப் பார்த்ததும் புரிந்தது. கோடு போடுகிறவள் அவளும்தான். கோடு போட்டாயிற்று என்றால் வெட்டுவதற்கு மனசு தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

"என்ன மேஸ்திரி, நடு ரூம்ல குழாய் முளைச்சிருக்கு?"

"நாற்காலிக்கும்மா."

"நாற்காலிக்கு எதுக்குத் தண்ணி?"

"பல் டாக்டர் நாற்காலியாச்சே. வாய் கொப்பளிச்சுத் துப்ப வேணாமா?" என்றார் மேஸ்திரி, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "நீங்க வேற வீடு பாத்துப் போயிட்டதா ஐயா சொன்னாரே. சாமானெல்லாம் அப்புறமா வந்து எடுப்பீங்கன்னார். சாயங்காலம் டாக்டரம்மா ஐயா வீட்டுக்கு வராங்களாம். பேசி முடிச்சிட்டு நேரா இங்க வந்து நாற்காலி இடத்தைப் பாப்பாங்களாம். அதான் அவசரம்."

"என் மெஷின் எங்க?"

மேஸ்திரி பின்பக்கம் கை காட்டினார்.

மெஷின் பின்தாழ்வாரத்தில் நின்றது. அதன் பலகை மேல் கலவைச் சட்டி. சக்கரத்தில் ஒரு ஈரத் துணியைக் காயப் போட்டிருந்தார்கள். மிதியில் சிமெண்ட் சொட்டி இறுகியிருந்தது. இதை வாங்கச் சின்னவள் சீட்டுப் போட்டாள். சீட்டு எடுத்த அன்று கடைக்காரரிடம் வண்டி கேட்காமல் தானும் கூடவே பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையைக்கூட அப்படித் தூக்கியதில்லை என்று வாலு இன்றைக்கும் கேலி செய்வாள்.

சின்னவள் கலவைச் சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையால் பலகையைத் துடைத்தாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த மேஸ்திரி, "அம்மா, நான் கூலிக்கு வந்தவன்" என்றார்.

"உங்க மேல எனக்கென்ன கோவம்? இதைத் தூக்கி வாசல் வரைக்கும் வைக்க ஒரு கை பிடிங்க. போதும்."

அழுகை வந்தது என்று எழுதினால் அது பொய். அவளுக்கு வந்தது ஆத்திரம், அதன் பின்னாலேயே ஒரு தெளிவு. ரிப்பேர் என்பது வெறும் சாக்கு. லாட்ஜ் செலவு தாங்காமல் இவர்களே வேறு வீடு பார்த்து ஓடிவிடுவார்கள் என்று பெரியவர் காத்திருக்கிறார். அது வரைக்கும் வாடகையையும் விடுவதில்லை. பழக்கதோஷம், நீட்டின கையை மடக்கத் தெரியவில்லை. நீட்டின அந்தக் கையைத்தான் இன்று பிடிக்கப் போகிறாள்.

மகளுக்குப் போன் செய்தாள். "காலேஜ்ல சொல்லிட்டு வந்துடு."

"யாருக்கு என்னம்மா ஆச்சு?"

"இன்னும் ஆகலை. சாயங்காலம் ஆகும்."

* * *

லோடு ஆட்டோ பெரியவர் வீட்டு வாசலில் நின்றபோது பெரியவள் கூடத்து சோபாவுக்குப் புது உறை மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வருகிறாளே, வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? ஜன்னல் வழியாகப் பார்த்தவள், ஆட்டோக்காரரும் வாலுவும் மெஷினைச் சுமந்துகொண்டு படியேறுவதைக் கண்டு உறையும் கையுமாக நின்றாள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பெட்டி, ஒரு தலையணை மூட்டை, ஒரு பிளாஸ்டிக் வாளி. எல்லாவற்றுக்கும் பின்னால் சின்னவள்.

"என்னடி இது?"

"மெஷின் அக்கா. ஜன்னல் பக்கமா வைக்கச் சொல்லுங்க, வெளிச்சம் வேணும்."

"யாரைக் கேட்டு இங்க கொண்டு வந்தே?"

"லாட்ஜைக் காலி பண்ணிட்டோம். நீங்கதானே சொன்னீங்க, எங்களுக்கு ஓட்டல் செலவு எதுக்குன்னு. யோசிச்சுப் பாத்தேன், நியாயமாத்தான் பட்டுது. ரிப்பேர் முடியற வரைக்கும் தங்க இடம் வீட்டுக்காரர் பொறுப்பாம். வீட்டுக்காரர் வீட்டுலயே இடம் இருக்கறப்ப வெளியில எதுக்குத் தங்கணும்?"

வாலு வாளியைச் சரியாகக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வைத்தாள். "பெரியம்மா, என் துணியை எந்த அலமாரில வைக்கட்டும்?"

பெரியவளுக்கு வார்த்தை வரவில்லை. வந்தபோது பழமொழியாக வந்தது. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிச்சாம்."

"வாடகை குடுத்து ஒண்ட வந்த பிடாரி அக்கா" என்றாள் சின்னவள், மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே.

பிறகு அவள் மிதியில் கால் வைத்தாள். மூன்று மாதம் ஓடாத மெஷின். முதலில் முனகியது, அப்புறம் தடதடவென்று பிடித்துக்கொண்டது. சிமெண்ட் தூசி உள்ளே போயிருந்ததால் வழக்கத்தை விட இரண்டு மடங்கு சத்தம். பெரியவள் போனில் கணவரிடம் பேசியது எதுவும் மறுமுனைக்குக் கேட்கவில்லை. கடைசியில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

பெரியவர் வந்து சேர்ந்தபோது கூடம் முழுக்கப் பாவாடை. புது உறை போட்ட சோபாவில் தைத்தவை, நாற்காலியில் தைக்காதவை, தரையில் வெட்டிய துண்டுகள். அவர் இடுக்கு வழியாக நடந்து வந்து நின்றார்.

"ஏம்மா, இதெல்லாம் என்னம்மா?"

"வாங்க மாமா. நமக்குள்ள என்ன?" என்றாள் சின்னவள்.

பெரியவர் கோபக்காரர் இல்லை. கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்த வியாபாரி. குரலைத் தழைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "சாயங்காலம் ஒருத்தங்க வராங்க. ரொம்ப முக்கியமானவங்க. அதுவரைக்கும் மெஷினை உள் ரூமுக்கு..."

"உள் ரூம்ல வெளிச்சம் பத்தாது மாமா. கண்ணு போயிடும். போனா அந்தச் செலவையும் பாத்துக்கறேன்னு நீங்க சொல்லுவீங்க. எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

வாலு குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பணப்பையை எடுத்தார். "சரிம்மா. லாட்ஜ் செலவுதானே? எவ்வளவுன்னு சொல்லு. இப்பவே தந்துடறேன். ஆட்டோவும் வாசல்லயே நிக்குது. வேற நல்ல லாட்ஜாப் பாத்துப் போயிடுங்க."

போன வாரம் இதே பை இதே கூடத்தில் வெளியே வந்திருந்தால் சின்னவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். இன்றுகூட வாலு அவள் தோளைத் தொட்டு, "வாங்கிக்கம்மா. ஜெயிச்சாச்சு, போதும்" என்று முணுமுணுத்தாள். புத்தியுள்ளவள் வாங்கியிருப்பாள். ஆனால் முள் இன்னும் தொண்டையில்தான் இருந்தது. பணத்தைக் கொடுத்து முள்ளை எடுக்க முடியாது.

"அதை வச்சிக்கங்க மாமா. யார் வராங்களோ அவங்க வந்துட்டுப் போகட்டும், கணக்கை அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு மிதியை அழுத்தினாள்.

* * *

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. தோளில் கைப்பை, முகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்த களைப்பு. உள்ளே வந்ததும் மெஷினைப் பார்த்தாள், பாவாடைகளைப் பார்த்தாள், உட்கார இடம் தேடினாள்.

"தையல் கிளாஸ் நடத்தறீங்களா?" என்று பெரியவளைக் கேட்டாள்.

"அது... சொந்தக்காரங்க. சும்மா வந்திருக்காங்க" என்றாள் பெரியவள்.

மெஷின் நின்றது. சின்னவள் எழுந்து ஒரு நாற்காலியைக் காலி பண்ணி, தன் கையாலேயே தூசி தட்டிப் போட்டாள். "உக்காருங்கம்மா. சும்மா வரலை. நீங்க நாற்காலி போடப் போறீங்களே, அந்த வீட்டுல குடியிருக்கிறவ நான்தான். குழாய் நிக்குது பாருங்க, அதுக்கு நேரா இந்த மெஷின் இருந்துச்சு. கூரை ரிப்பேர்னு எங்களை வெளிய அனுப்பினாங்க. முடியற வரைக்கும் இங்க தங்கியிருக்கோம்."

டாக்டரம்மா பெரியவர் பக்கம் திரும்பினாள். "இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னீங்களே சார்?"

"தம்பி குடும்பம்தான்மா. வாடகைக்காரங்க மாதிரி இல்ல. சும்மா இருங்கன்னு விட்டு வச்சிருந்தேன்..."

சின்னவள் இதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள். பெரியவரை அவள் பார்க்கவே இல்லை. நேரே பெரியவளிடம் போய் நின்றாள்.

"நீங்க சொல்லுங்க அக்கா. போன வாரம் இதே இடத்துல என்னை ஓசியில குடியிருக்கிறவன்னு சொன்னீங்க. நான் அன்னிக்கு வாயைத் திறக்கலை. இன்னிக்குக் கேக்கறேன். மூணு மாசமா நான் கால் வைக்காத வீட்டுக்கு என் புருஷன் சம்பளத்துல மாமா பிடிச்சாரே, அது என்ன? ஓசின்னா, தம்பி காசை அண்ணன் சும்மா எடுத்துக்கிட்டார்னு ஆகும். அதுக்குப் பேர் வேற. வாடகைன்னா, அது இன்னும் என் வீடு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

பெரியவள் கணவரைப் பார்த்தாள். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தாள். புருஷனைத் திருடன் என்று சொல்வதா, ஓரகத்திக்கு வீட்டை விட்டுக் கொடுப்பதா? பெரியவளின் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"ஓசி... ஓசி இல்ல" என்றாள். "வாடகைதான்."

"கேக்கலை அக்கா. மெஷின் ஓடி ஓடிக் காது அடைச்சுப் போச்சு."

"வாடகை குடுத்துத்தான் இருந்தா" என்றாள் பெரியவள், டாக்டரம்மாவைப் பார்த்து, அடிக்குரலில். அவள் கண் கலங்கியிருந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. தொண்டை திறந்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று மாதமாக லாட்ஜில் தின்ற ஆறிப்போன சோறு அத்தனையும் அந்த நிமிடம்தான் செரித்தது.

டாக்டரம்மா எழுந்தாள். "மன்னிச்சுக்கங்க சார். குடியிருக்கிறவங்களை வெளிய தள்ளிட்டு அந்த இடத்துல நான் கிளினிக் போட முடியாது. எனக்கு வழக்கு, தகராறு எதுவும் வேணாம். வேற இடம் பாத்துக்கறேன்."

"கொஞ்சம் பொறுங்கம்மா, நான் பேசி..."

"பேச ஒண்ணும் இல்ல சார். இதை மட்டும் வாங்கிக்கங்க." அவள் கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மெஷின் பலகை மேல் வைத்தாள். "அளவு எடுக்க வேணும்னு வாங்கினது. திருப்பிக் குடுத்துட்டேன்."

சாவியில் ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது. நீலக் கட்டம்.

சின்னவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலருக்குக் கீழேயிருந்து வெட்டிய துண்டு அது, சாயம் போகாத இடமாகப் பார்த்து அவளே வெட்டியது.

"இது உங்களுக்கு யார் குடுத்தாங்கம்மா?"

"கடையில வேன் ஓட்டறாரே, அவர்தான். வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்னு சொல்லித்தான் குடுத்தார்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா படியிறங்கிப் போனாள்.

வாலு அம்மாவின் கையைப் பிடிக்க வந்தாள், சின்னவள் விலக்கிவிட்டாள். வேனுக்குள் தவழ்ந்து தேடியது ஞாபகம் வந்தது. அப்போது அவன் வெளியே நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். இல்லாத சாவிக்கு வெளிச்சம் காட்டியிருக்கிறான். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்று தினம் ஊசி பிடிக்கிறவளுக்கு இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருக்கிறதே.

வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. வழக்கம்போல ராத்திரிக்கு வேனை அண்ணன் வீட்டில் விட வந்த சின்னவன் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தான். மெஷின், பெட்டிகள், மகள், அண்ணன், அண்ணி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவனின் பார்வை கடைசியில் பலகை மேல் இருந்த சாவியில் விழுந்தது. அங்கேயே நின்றான்.

"தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே, கிடைச்சிடுச்சு" என்றாள் சின்னவள்.

அவன் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான்.

அவள் சாவியை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். அவசரப்படவில்லை, தையல் பிரிக்கிற நிதானம். துணியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். சாவியைத் தன் சிவப்புத் துணிச் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாவி எனக்கு, துணி உங்களுக்கு. நானும் வாலுவும் எங்க வீட்டுக்குப் போறோம். தரை கொத்தியிருக்கு, பரவால்ல, சமையலறையில படுத்துக்கறோம். கூரை நல்லாவே பூசியிருக்கு. நீங்க இங்கயே இருங்க. தங்கற செலவை உங்க அண்ணன் பாத்துக்குவார். உங்களுக்குள்ள என்ன?"

வாலு பெட்டியைத் தூக்கினாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர் வாசலில் ஹார்ன் அடித்தார்.

"நான் சாவியைக் குடுக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்னு உனக்குத் தெரியாது" என்றான் சின்னவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "அண்ணன் என்கிட்ட என்ன சொன்னார்னு..."

"வாயை மூடுடா" என்றார் பெரியவர். அவர் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"சொல்லட்டும் விடுங்க." சொன்னவள் பெரியவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். "உங்களுக்காக இன்னிக்கு நான் துப்பின எச்சிலை என் வாயாலயே முழுங்கிட்டேன். இன்னும் எத்தனை நாளைக்கு மூடி வைக்கறது? சொல்லுப்பா."

சின்னவள் படிவரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். மெஷின் முன்னால் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மிதியில் கால் வைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள் புருஷனிடம். "சொல்லி முடிங்க. இந்த வீட்டுல இன்னிக்கு யார் தூங்கறது, யார் தூங்கக் கூடாதுன்னு அதுக்கப்புறம் நான் சொல்றேன்."

(தொடரும்)